வெல்டிங் வைக்கும் முன் காது கொடுங்கள்

வண்டியின் அதிர்வுக்கும் சைலன்சர் இரைச்சலுக்கும் வைத்தியம் எங்கே தொடங்க வேண்டும்? ஒரு விரிவான அலசல்

காலை ஒன்பது மணி. அண்ணா சாலையில் ஒரு சிக்னல் சிவப்பாகிறது. வரிசையில் நிற்கும் பழைய கார் ஒன்றின் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டேஷ்போர்டில் ஒட்டிய குட்டிப் பிள்ளையார் குலுங்குகிறார். காலடியிலிருந்து தகரத்தைத் தகரம் உரசுவது போல் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கிறார், சத்தம் நின்றுவிடுகிறது. காலை எடுத்ததும் மறுபடி ‘கிர்ர்ர்’. பக்கத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெண்ட் பைப் ஜாயிண்டிலிருந்து ‘டப் டப்’ என்று காற்று வெடித்து வெளியேறுகிறது. அதற்குப் பின்னால், கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டிய சைலன்சருடன் ஒரு சரக்கு ஆட்டோ. விளக்கு பச்சையாகிறது. மூன்று சத்தங்களும் ஹாரன் ஒலியில் கரைந்துபோகின்றன.

இந்த மூன்று வண்டிகளும் என்றைக்காவது ஒரு பட்டறை வாசலில் நிற்கத்தான் போகின்றன. அங்கே மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே வைத்தியம்தான் காத்திருக்கிறது: ஓட்டை விழுந்த இடத்தில் வெல்டிங், தொங்குகிற இடத்தில் கம்பி, அப்படியும் அடங்காவிட்டால் புது சைலன்சர். சில வாரம் நிம்மதி. பிறகு வெல்டிங் வைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புதிய விரிசல். சைலன்சர் என்றாலே இப்படித்தான், அடிக்கடி போகும் என்று உரிமையாளர் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். அது உண்மையில்லை. புகைக்குழாய் உடைகிற இடம் ஒன்று, அதை உடைக்கிற காரணம் இருக்கிற இடம் வேறு. காரணத்தைத் தேடாமல் உடைந்த இடத்தை மட்டும் ஒட்டுகிற வரை, அதே வண்டி அதே பட்டறைக்குத் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கான விலையைப் பணமாக மட்டுமல்ல, உடல்நலமாகவும் தெருவின் அமைதியாகவும் நாம் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

அதிர்வு பிறக்கும் இடம்

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிபொருளை வெடிக்கச் செய்கிறது. 900 ஆர்பிஎம்மில் ஐடிலில் நிற்கும் நான்கு சிலிண்டர் காரில் வினாடிக்கு 30 வெடிப்புகள். அதே வேகத்தில் மூன்று சிலிண்டர் கார் என்றால் 22 அல்லது 23. 1,200 ஆர்பிஎம்மில் நிற்கும் ஒற்றை சிலிண்டர் பைக்கில் வெறும் 10. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி உதையாக உடம்புக்குத் தெரிகிறது. சிறிய கார்களில் மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் பெருகிவிட்ட இன்றைய நிலையில், சிக்னலில் நிற்கும்போது நடுங்குகிறது என்ற புகார் நிறையக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இன்ஜின் உதைப்பது இயல்பு. அந்த உதை இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் வந்து சேர்வதுதான் பழுது.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வரும் சரியான நொடியில் தள்ளினால் விரல் நுனி போதும், உயர உயரப் போகும். புகைக்குழாய், அதைத் தாங்கும் ரப்பர், அதை மூடியிருக்கும் தகடு ஒவ்வொன்றுக்கும் இப்படிச் சொந்தமாக ஓர் ஆட்ட வேகம் உண்டு. இன்ஜினின் உதை அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் சிறு நடுக்கம் பெரிய அதிர்வாகிவிடும். இதைத்தான் ஒத்ததிர்வு என்கிறது இயற்பியல். சிக்னலில் நின்ற காரின் சத்தம் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் மறைந்தது இதனால்தான். இன்ஜின் வேகம் கூடியதும் உதையின் தாளம் மாறிவிட்டது. தகடு ஆடுவதை நிறுத்திக்கொண்டது. பழுது சரியாகவில்லை, மறைந்துகொண்டது. மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டும்போது ‘இப்போது வரவில்லையே’ என்று பல உரிமையாளர்கள் விழிப்பதற்கும் இதுதான் காரணம். எந்த வேகத்தில் வருகிறது, எந்த வேகத்தில் மறைகிறது என்ற தகவல்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும் முதல் துப்பு.

இந்த ஒத்ததிர்வைத் தடுக்கக் காரில் மூன்று காவலர்களை வைத்திருக்கிறார்கள். இன்ஜினைச் சுமக்கும் ரப்பர் மவுண்டிங் முதல் காவலர். குழாயின் முன்பகுதியில், மடிப்பு மடிப்பாக வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸிபிள் பைப் இரண்டாவது. சைலன்சரைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர்கள் மூன்றாவது. மூவரில் ஒருவர் தளர்ந்தாலும் சுமை மற்ற இருவர் மேல் விழும். இன்ஜின் மவுண்டிங் அமுங்கிப்போன காரில் ஃப்ளெக்ஸிபிள் பைப் சீக்கிரமே கிழிவதும், அதைப் புதிதாக மாற்றியும் மறுபடி கிழிவதும் அப்படித்தான். கிழிந்தது பைப், குற்றவாளி மவுண்டிங். இறுகிக் கல்லாகிப்போன ஹேங்கர் ரப்பர் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். பார்வைக்கு முழுதாக இருக்கும், ஆனால் குழாயின் நடுக்கத்தை அப்படியே பாடிக்குக் கடத்தும். ரப்பருக்குப் பதில் கட்டுக்கம்பி கட்டினால் அதன் விளைவும் இதேதான். சைலன்சர் தரையில் இழுபடாமல் இருக்கலாம். ஆனால் இன்ஜினின் ஒவ்வொரு உதையும் நேராக வண்டியின் எலும்புக்குள் இறங்குகிறது.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஃகு சூடேறினால் நீளும். 3 மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீள்கிறது. வண்டியை நிறுத்தினால் சுருங்குகிறது. தினமும் இப்படி நீண்டு சுருங்கும் பொருளை அசையவிடாமல் எங்காவது இறுக்கிப் பிணைத்தால், அது தன் பலவீனமான இடத்தைத் தேடிக் கிழித்துக்கொள்ளும். அசைய வேண்டிய ஜாயிண்டை வெல்டிங் வைத்து மூடிவிட்ட வண்டிகளில் அடுத்த விரிசல், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மெனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வருவது தற்செயல் அல்ல.

பெட்டிச் செய்தி: எண்களில் சைலன்சர்

• 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் நீராவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. காலையில் வால்குழாயிலிருந்து சொட்டும் நீர் பழுதல்ல.

• புகைச் சத்தத்தை அடக்கும் மஃப்ளருக்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்றது 1897-இல்.

• டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஒலியாற்றல் ஏறத்தாழ இரட்டிப்பு. 10 கூடினால் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு.

• புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கவே ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வெப்பம் வேண்டும்.

• டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995-இல்.

சத்தத்துக்குப் பெயர் சொல்லுங்கள்

‘வண்டியில் ஏதோ சத்தம் வருது, பாருங்க’ என்ற ஒற்றை வரியோடு சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். ஓசைக்குப் பெயர் வைப்பதில் தமிழ் வளமான மொழி. சலசல, கடகட, படபட, கிணுகிணு என்று வேறுபடுத்திச் சொல்ல இரட்டைக்கிளவி என்றே ஓர் இலக்கண வகையை வைத்திருக்கிறோம். அந்தச் செல்வத்தைப் பட்டறை வாசலில் விட்டுவிட வேண்டியதில்லை. எந்த ஓசை, எப்போது, எந்த வேகத்தில் என்ற மூன்றையும் சொன்னால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் பக்கமிருந்து ‘டிக் டிக்’ என்று தாளமாக வந்து, சூடேறியதும் மறைந்தால், மெனிஃபோல்ட் கேஸ்கெட்டையோ மெனிஃபோல்டில் விழுந்த மயிரிழை விரிசலையோ சந்தேகிக்கலாம். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஐடிலில் மட்டும் ‘கிர்ர்ர்’ என்றால் பெரும்பாலும் ஹீட் ஷீல்டு, அதாவது குழாயின் சூடு தரையையும் பெட்ரோல் டேங்கையும் தாக்காமல் தடுக்கும் மெல்லிய தகடு. அதன் போல்ட் துளை துருவில் தின்னப்பட்டிருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ‘டொங்’ என்று ஒரு குத்து விழுந்தால் ஹேங்கர் ரப்பர் அறுந்து குழாய் கீழ்க்கட்டமைப்பில் இடிக்கிறது. ஆறிய வண்டியின் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது டப்பாவுக்குள் கூழாங்கல் போல் ‘கலகல’ என்றால், உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்துவிட்டது. நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காதை அடைக்கும் ‘ம்ம்ம்’ என்ற முழக்கம் வந்தால், மஃப்ளரின் உள் தடுப்புகள் கழன்றிருக்கலாம், அல்லது வண்டிக்குப் பொருந்தாத மஃப்ளரை மாட்டியிருக்கலாம்.

பைக்கில் கேட்கும் ‘டப் டப்’ வேறு கதை. சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் ஒரு வளைய கேஸ்கெட் இருக்கிறது. பைப்பைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக மாற்ற வேண்டும். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுமுறை சரியாக அடைக்காது. இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக, சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பைப் சாய்ந்து உட்காரும். சாய்ந்து உட்கார்ந்த பைப் பின்பக்க பிராக்கெட்டை இழுக்கும். இழுபட்ட பிராக்கெட் சில மாதங்களில் விரிசல் விடும். அந்த பிராக்கெட்டுக்குத்தான் பட்டறையில் வெல்டிங் வைக்கிறார்கள். காரணம் ஒன்றரை அடி முன்னால் இருக்கும் ஒரு நட்டில் இருக்கிறது.

பட்டறையில் நடக்க வேண்டிய வரிசை

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடுவதில்லை. வண்டி ஆறியிருக்கும்போது கண்ணால் படிக்கிறார். ஜாயிண்டைச் சுற்றிக் கருப்புக் கரித்தடம் இருந்தால் அங்கே புகை கசிகிறது. குழாயின் மேலோ கீழ்க்கட்டமைப்பிலோ ஓர் இடம் மட்டும் உரசி மினுங்கினால் அங்கே இரண்டும் இடிக்கின்றன. பிறகு வால்குழாயைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைக்கிறார். எந்த ஹேங்கர் விறைக்கிறது, எது துவள்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறையும் துணியுமாக வால்குழாயைச் சில நொடிகள் அடைத்துப் பார்ப்பது பழைய முறை, இன்றும் பலிக்கும் முறை. கசிவு இருந்தால் ‘புஸ்’ என்ற சீறல் எங்கிருந்து வருகிறது என்று காது சொல்லும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஜாயிண்டுகள் அருகிலும் வைத்துத் தேடினால் மயிரிழைக் கசிவும் தப்பாது. வசதியுள்ள பட்டறைகளில் புகையைச் செலுத்திக் கசிவைக் கண்ணால் பார்க்கும் கருவியே இருக்கிறது. இன்ஜின் மவுண்டிங்கைச் சோதிக்க, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கியரில் லேசாக இழுக்கவிட்டு, இன்ஜின் எவ்வளவு எகிறுகிறது என்று பானெட்டைத் திறந்து பார்த்தால் போதும்.

சரிசெய்யும் வரிசையும் முன்னாலிருந்து பின்னால்தான் போக வேண்டும்: மவுண்டிங், மெனிஃபோல்ட் கேஸ்கெட், ஃப்ளெக்ஸிபிள் பைப், ஜாயிண்டுகள், ஹேங்கர்கள், கடைசியில்தான் சைலன்சர். நம் பட்டறைகளில் பெரும்பாலும் தலைகீழாக, சைலன்சரிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் செய்ய வேண்டிய, ஆனால் பெரும்பாலும் தவறவிடுகிற ஒரு வேலை உண்டு. எல்லா ஜாயிண்டுகளையும் சற்றுத் தளர்த்திவிட்டு, குழாயை மெல்ல ஆட்டி, அது தன் இயல்பான இடத்தில் தானே உட்காரும்படி விட்டு, பிறகு முன்னாலிருந்து ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். இழுத்துப் பிடித்து, நெம்பித் திருப்பிப் பொருத்திய குழாய் பிறக்கும்போதே முறுக்கத்தோடு பிறக்கிறது. புது சைலன்சர் மாட்டிய பிறகும் அதிர்வு போகவில்லை என்ற புகார்களில் இந்தத் தவறு அடிக்கடி ஒளிந்திருக்கும்.

வெல்டிங்கே கூடாது என்பதல்ல வாதம். காரணம் தீர்ந்த பிறகு, சுற்றியுள்ள உலோகம் தடிமனாக இருக்கும்போது, வெல்டிங் நியாயமான, சிக்கனமான வைத்தியம். ஆனால் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் தின்னத் தொடங்குகிறது. பள்ளிக்கும் கடைக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதே இல்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து, அமிலம் கலந்த நீராகத் தேங்குகிறது. அதனால்தான் குறைந்த தூரம் ஓடிய வண்டியின் சைலன்சர் சில நேரம் நெடுந்தூரம் ஓடிய வண்டியினுடையதைவிட முன்னதாகப் போகிறது. வெளியே ஒரு புள்ளியாகத் தெரியும் ஓட்டையைச் சுற்றி உள்ளே ஒரு கையகலம் தாள் போல் மெலிந்திருக்கும். அங்கே வைக்கும் வெல்டிங் நிற்காது. குழாய்க்கென்றே உருவான 409 வகைத் துருப்பிடிக்காத எஃகின் மேல் சாதாரண இரும்புத் தகட்டை ஒட்டினால், ஒட்டிய இடம்தான் முதலில் துருவேறும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பக்கத்தில் ஓடும் பெட்ரோல் குழாயையும் சென்சார் ஒயரையும் காப்பதும் கட்டாயம்.

பெட்டிச் செய்தி: நீங்களே பார்க்கலாம், இதைச் செய்யாதீர்கள்

பார்க்கலாம்: சத்தம் வரும் ஆர்பிஎம், வேகம், வண்டி சூடா குளிரா என்பதை ஒரு வாரம் குறித்து வையுங்கள். முடிந்தால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். சுவரருகே மெதுவாக ஓட்டினால் சத்தம் எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும். ஆறிய வண்டியின் வால்குழாயை அசைத்துப் பாருங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். தளர்ந்த ஹீட் ஷீல்டை எஃகு கிளாம்ப் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். பிய்த்து எறியச் சொல்லாதீர்கள்.

செய்யாதீர்கள்: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஓடி நின்ற வண்டியின் குழாயைத் தொடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தத்தைத் தேடாதீர்கள். காய்ந்த சருகின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கவனிக்காமல் விட்டால்

சத்தம்தானே, பழகிவிட்டது என்று விடுவதில் முதல் ஆபத்து உயிருக்கு. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்குவதால் பயணக் களைப்பு என்றே தோன்றும். குழாய் வால்வரை நீண்டிருப்பதன் நோக்கமே புகையைப் பயணிகளிடமிருந்து அப்பால் கொண்டுபோய் விடுவதுதான். இருக்கைக்கு அடியில் ஓட்டை விழுந்தால் அந்த நோக்கம் முறிகிறது. ஓடும் வேனின் பின்கதவைத் திறந்து வைத்தால் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தம் புகையை உள்ளே இழுக்கும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி வல்லுநர்கள் கண்டறிந்தார்கள். அது சைலன்சர் ஓட்டையால் நேர்ந்ததல்ல. ஆனால் புகை உள்ளே வந்தால் தூங்குகிறவருக்கு எழுந்து கதவைத் திறக்க அவகாசமே கிடைக்காது என்பதை அது காட்டியது. கசியும் வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குவது அந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம்.

இரண்டாவது அடி பர்ஸுக்கு. பிஎஸ்-6 புகை விதிப்படி தயாரான இன்றைய வண்டிகளில், பைக் உட்பட, புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று பார்க்கும் சென்சார் குழாயிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சிறு கசிவு இருந்தால், வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடைப்பட்ட கணத்தில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்கிறது. கணினி கூடுதலாகப் பெட்ரோலை விடுகிறது. மைலேஜ் சரிகிறது. எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூட்டை உருக்குகிறது. சில நூறு ரூபாய் கேஸ்கெட்டில் முடிய வேண்டிய வேலை, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய கன்வெர்ட்டரை மாற்றும் வேலையாக முடிகிறது. அந்த உலோகங்களின் விலைக்காகவே மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வேன்களின் சைலன்சரைத் திருடும் கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சைலன்சர் வாங்குகிறவர்கள், உள்ளே கன்வெர்ட்டர் இருக்கிறதா, வெறும் கூடா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது, தெரு. ஐரோப்பிய நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைப் போக்குவரத்து இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் தூக்கம் கெடுகிறது. இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பையும் அது பேசுகிறது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பாக அதே 45-ஐத்தான் வைத்திருக்கின்றன. நள்ளிரவில் தெருவைக் கடக்கும் ஒரே ஒரு ஓட்டை சைலன்சர், அந்தத் தெருவின் குழந்தைகளையும் நோயாளிகளையும் முதியவர்களையும் ஒருசேர எழுப்பிவிடும். ஓட்டுகிறவர் போய்விடுவார், கலைந்த தூக்கம் அங்கேயே நிற்கும்.

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

• 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-வது விதி: ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் புகைச் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும்.

• தயாரிப்பு நிலையில் இருசக்கர வாகனங்களுக்கான வரம்பு: 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80.

• மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2): ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு 3 மாதத் தகுதியிழப்பும் உண்டு.

எதிர்வாதங்களும் பதில்களும்

‘சத்தம் இருந்தால்தான் மற்றவர்கள் ஒதுங்குவார்கள், அது பாதுகாப்பு’ என்கிறார்கள் சைலன்சரை மாற்றுகிறவர்கள். வால்குழாய் பின்னோக்கித் திரும்பியிருக்கிறது. சத்தம் அதிகம் சேர்வது ஏற்கெனவே கடந்துவிட்டவர்களின் காதுக்கு. எதிரே குறுக்கே வருகிறவருக்கும், கண்ணாடி ஏற்றிய கார் அல்லது பேருந்துக்குள் இருப்பவருக்கும் அது அவ்வளவாகக் கேட்பதில்லை. முன்னால் இருப்பவரை எச்சரிக்க ஹாரனும் விளக்கும் இருக்கின்றன. ‘சத்தம் கூடினால் பவர் கூடும்’ என்பது அடுத்தது. தொழிற்சாலை வண்டியில் குழாயின் நீளம், அகலம், உள்ளறைகள், கணினியின் எரிபொருள் கணக்கு எல்லாம் ஒன்றையொன்று பார்த்து அமைக்கப்பட்டவை. உள் தடுப்பைக் கழற்றினால் அந்தக் கணக்கு குலைகிறது. மிதமான வேகத்தில் இழுவை குறையவும் வாய்ப்புண்டு. காதுக்கு வேகம் கூடியது போல் தோன்றுவது வேறு, சக்கரத்துக்குச் சக்தி போவது வேறு.

கனமான எதிர்வாதம் பணத்தைப் பற்றியது. ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவரிடம், டெலிவரி வேலைக்குப் போகிற இளைஞரிடம், மவுண்டிங்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்று சொல்வது எளிது; ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதுவரை சொன்ன வரிசையைத் திரும்பப் பாருங்கள். கண்ணால் பார்ப்பது, அசைத்துப் பார்ப்பது, காதால் தேடுவது எதற்கும் பாகச் செலவு கிடையாது. ஹேங்கர் ரப்பர், கேஸ்கெட், கிளாம்ப் ஆகியவைதான் இந்த அமைப்பிலேயே விலை குறைந்த பாகங்கள். காரணத்தைத் தேடும் முறை ஏழைக்கு எதிரானதல்ல. மூன்று முறை வெல்டிங், பிறகு புது சைலன்சர், பிறகும் அதே அதிர்வு என்பதுதான் ஏழையைச் சுரண்டும் முறை. மெக்கானிக்கின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காரணத்தைத் தேடி அரை மணி நேரம் செலவிட்டால் அதற்குக் கூலி தர நாம் தயாராக இல்லை; மாற்றிய பாகத்துக்கும் வைத்த வெல்டிங்குக்கும் மட்டும்தான் காசு கொடுக்கிறோம். டாக்டருக்குப் பார்த்ததற்கே ஃபீஸ் தருகிறோம். கண்டுபிடிக்கும் உழைப்புக்கும் கூலி உண்டு என்று நாம் ஏற்றுக்கொண்டால் பட்டறைகள் மாறும்.

‘மின்வண்டிகள் வருகின்றன, இந்தப் பேச்சே பழசாகிவிடும்’ என்பது இன்னொரு வாதம். வரட்டும், நல்லது. ஆனால் இன்று விற்பனையாகும் பெட்ரோல் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அந்தப் பதினைந்து ஆண்டும் தனியார் காரையோ பைக்கையோ தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. இடையில் நடப்பது புகைச் சோதனை மட்டுமே. அதில் வால்குழாய்க்குள் கருவியை நுழைத்து அளக்கிறார்கள். குழாயைக் குனிந்து பார்ப்பதில்லை, சத்தத்தை அளப்பதில்லை. குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து அந்த அளவீடே பிசகும். பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களின் மேல் போலீஸார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவது செய்தியாகிறது. வேண்டுமென்றே இரைச்சல் எழுப்புகிறவர்களுக்கு அது தேவையான எச்சரிக்கை. ஆனால் கவனிப்பாரற்று ஓட்டையாகிப்போன வண்டிகளை அந்த ரோலர் தொடுவதில்லை. புகைச் சான்றிதழ் தரும் இடத்திலேயே கசிவையும் ஹேங்கரையும் பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்கி, பழுதைச் சீட்டில் எழுதித் தரும் நடைமுறையை அரசு கொண்டுவரலாம். அபராதம் போடவேண்டும் என்பதில்லை. வண்டிக்காரருக்குத் தெரியவந்தாலே பாதிப் பேர் சரிசெய்துகொள்வார்கள்.

அதுவரை பொறுப்பு நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை வண்டி நடுங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து அந்தச் சத்தத்தை மறைக்காதீர்கள். எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டறையில் ‘எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பதற்கு முன் ‘ஏன் உடைந்தது?’ என்று கேளுங்கள். பதில் சொல்லும் மெக்கானிக்குக் கூலியை மனமாரக் கொடுங்கள். பதில் கிடைத்த பிறகு வெல்டிங் வையுங்கள்.